பார்ப்பவரின் கடன்

'காட்சி' என்னும் சொல்லுக்குத் தமிழில் இருவகைப் பொருள் உண்டு. கடைவீதியில் பட்டுத் துணிகளை மடித்து அடுக்கி வைத்தாலும் அது காட்சிதான். 1858ஆம் ஆண்டில் லூர்து மலைக்குகையில் ஏழைச் சிறுமி பெர்னதெத்துக்கு அன்னை மரியாள் தோன்றியதையும் காட்சி என்றே சொல்கிறோம். முன்னதில் பொருள் நமக்காகக் காத்திருக்கிறது; விரும்பினால் பார்க்கலாம், விரும்பாவிடில் கடந்து போகலாம். பின்னதில் அந்த உரிமை நம்மிடம் இல்லை. கண்டவர் அதன்பின் முன்போல் வாழ இயலாது. பெர்னதெத்தும் அவ்வாறு வாழவில்லை.

தஞ்சை நகரின் நடுவே இவ்விரு காட்சிகளும் ஒன்றோடொன்று கலந்து நிற்கின்றன. 1010ஆம் ஆண்டில் இராசராசன் கட்டி முடித்த பெரிய கோயில், அதன் அருகே சிவகங்கைப் பூங்கா, நாயக்கர் காலத்தில் எழும்பி மராட்டியர் காலத்தில் வளர்ந்த அரண்மனை, அதனுள் கலைக்கூடம், சரசுவதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகம் ஆகிய இவற்றையெல்லாம் ஒரே நாளில் பார்த்துவிடலாம். விடுமுறை நாட்களில் நம் பங்குகளிலிருந்தும் மறைக்கல்வி மாணவர்களைப் பேருந்தில் ஏற்றி அழைத்துச் செல்கிறோம். காலையில் பூண்டி மாதா, நண்பகலில் பெரிய கோயில், மாலையில் கலைக்கூடம் என்று திட்டமிடுகிறோம். பிள்ளைகள் நன்றாகப் பார்த்தார்களா என்று திரும்பி வந்ததும் கேட்கிறோம். பார்த்ததனால் அவர்களுக்கு ஏதேனும் கடமை ஏற்பட்டதா என்று கேட்பதில்லை.

அந்தக் கேள்வியையே இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம். அழகிய ஒன்றைப் பார்ப்பது உரிமை மட்டுந்தானா? அன்றிப் பார்ப்பவர்மேல் ஒரு கடனும் விழுகிறதா? விழுமாயின், யாருக்குப் பட்ட கடன் அது?

ஏறு இல்லாத ஏறூர்ந்த பெருமான்

தஞ்சைக் கலைக்கூடம் 1951ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. ஊர்தோறும் வயல்வெளிகளிலும் பாழடைந்த கோயில்களிலும் கேட்பாரற்றுக் கிடந்த சிற்பங்களைத் திரட்டிக் காப்பதே அதன் நோக்கம். இன்று அங்கு நிற்கும் செப்புத் திருமேனிகளைக் காண உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அவற்றுள் திருவெண்காட்டில் 1950களின் தொடக்கத்தில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த இடபவாகன தேவர் பெரிதும் போற்றப்படுவது. கோயிற் கல்வெட்டின் துணைகொண்டு அது 1011ஆம் ஆண்டளவில் வார்க்கப்பட்டதென அறிஞர் கொள்கின்றனர். சடையைத் தலைப்பாகைபோல் சுற்றிப் பாம்பால் கட்டி, ஒரு காலை மடித்து, இளைப்பாறும் ஆயனைப் போல் நிற்கிறது அத்திருமேனி. வலக்கை ஓர் ஏற்றின்மேல் சாய்ந்திருக்கவேண்டும். ஆனால் அந்த ஏறு இல்லை. கை வெறுங்காற்றின்மேல் அமைதியாகச் சாய்ந்திருக்கிறது.

இப்படி ஒன்று இல்லாமற்போனதை நம் கண் எளிதில் கண்டுகொள்கிறது. இல்லாமற்போன மற்றவற்றை அது காண்பதில்லை. கோயிலில் இருந்த காலத்தில் இத்திருமேனி பட்டும் மாலையும் அணிந்திருந்திருக்கும். முகமும் கைகளும் பாதமும் தவிர வேறெதுவும் புலப்பட்டிராது. திருவிழா நாளில் தோளில் சுமந்து வீதிவலம் வந்திருப்பர். விளக்கொளியும் பறையொலியும் அதைச் சூழ்ந்திருக்கும். இன்று நாம் முதுகின் வளைவையும் விரல்நகத்தின் நுட்பத்தையும் காண்கிறோம். அக்காலத்து அடியவர் ஒருவரும் காணாத அளவுக்குச் சிற்பத்தைக் காண்கிறோம். ஆனால் எதற்காக அது செய்யப்பட்டதோ அதை அவர்கள் கண்ட அளவுக்கு நாம் காண்பதில்லை. கூடுதலாகப் பார்ப்பதும் முழுமையாகப் பார்ப்பதும் ஒன்றல்ல என்பதைக் கலைக்கூடம் சொல்லாமல் சொல்கிறது.

இதைக் கொண்டு, கோயிலிலிருந்து கூடத்துக்கு வந்ததே இழப்பு என்று முடிவுகட்டிவிடலாமா? அவ்வளவு எளிதன்று. இராசராசன் பெரிய கோயிலுக்கு அளித்த ஊர்களைப் பற்றிய கல்வெட்டுகளில், வரி நீக்கப்பட்ட நிலங்களின் வரிசையில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இடம்பெறுகின்றன. அச்சேரிகளில் வாழ்ந்தவர்களே சேற்றில் இறங்கி நெல் விளைத்தவர்கள். கோயிலின் விளக்கும் அமுதும் அந்நெல்லால் நடந்தன. அவர்களின் வழிவந்தோர் கோயிலுக்குள் சென்று வழிபட 1939ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. இன்று கலைக்கூடத்தில் சிறு கட்டணம் செலுத்தி எந்தச் சேரிப் பிள்ளையும் எந்தத் திருமேனியின் முன்பும் ஒரு முழத் தொலைவில் நிற்கலாம். யாரும் குலம் கேட்பதில்லை. ஒரு பொருள் வழிபாட்டை இழந்த அதே இடத்தில் நீதி ஒன்று கிடைத்திருக்கிறது. இழப்பையும் நீதியையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

நாம் பிறரை மட்டும் சுட்டுவது முறையாகாது. நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயத்தில் சாதியின் பெயரால் மக்களைப் பிரிக்கும் சுவர் இருந்தது. 1910இல் பங்குத்தந்தை கௌசானல் அதை இடிக்கும்வரை ஒரே பீடத்தை இரு சாதியார் இரு பக்கத்திலிருந்து பார்த்தனர். திருப்பலி ஒன்று, காட்சி இரண்டு! தனிக் கல்லறைகள் இன்னும் சில ஊர்களில் நீடிப்பதை நாம் அறிவோம். யார் எங்கு நின்று பார்க்கலாம் என்பது எக்காலத்தும் அறவினாவாகவே இருந்து வந்திருக்கிறது.

பூட்டிய கதவும் காணாத கண்ணும்

இனி வேறொரு கேள்வி. இத்திருமேனிகள் எங்கே இருப்பது நேரிது? கோயிலிலா, கூடத்திலா, பாதுகாப்பு அறையிலா?

1976ஆம் ஆண்டில், அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், கூலித் தொழிலாளி ஒருவர் தம் குடிசையருகே மண் தோண்டியபோது நடராசர் உருவம் கிடைத்தது. புதையல் எனில் அரசுக்கு அறிவிக்கவேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் அச்சிலை கைமாறிக் கைமாறி இலண்டன் சென்றது. கனடா நாட்டு நிறுவனம் ஒன்று 1982இல் அதை வாங்கியது. வழக்கு இலண்டன் நீதிமன்றத்தில் நடந்தது. பத்தூர்க் கோயில் இடிந்து வழிபாடற்றுக் கிடந்தது. அப்படிப்பட்ட கோயிலும் தன் பொருளைக் கேட்டு வழக்காடலாம் என்று அந்நாட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1991இல் நடராசர் தாயகம் திரும்பினார். பூசை நின்றாலும் உரிமை மாய்வதில்லை என்ற அத்தீர்ப்பு மனத்திற்கு நிறைவளிப்பது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அதை மண்ணிலிருந்து எடுத்த கூலித் தொழிலாளிக்குக் கிடைத்தது சில நூறு ரூபாய். அடுத்தடுத்த கைகளில் அது இலட்சங்களாக வளர்ந்தது.

கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானில் நடந்தது இன்னும் ஆழ்ந்து எண்ணத்தக்கது. அங்கிருந்த நடராசர் திருமேனி 2006இல் திருடப்பட்டது. கோயில் வழிபாடின்றிப் பூட்டிக் கிடந்தது. 2008ஆம் ஆண்டில், எஞ்சிய திருமேனிகளைப் பாதுகாப்பான இடத்திற்கு மாற்றுவதற்காகக் கதவைத் திறந்தபோதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்பது தெரியவந்தது. அதே 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து அந்நடராசரை வாங்கிக் காட்சிக்கு வைத்தது. 2014இல் அந்நாட்டுப் பிரதமர் நேரில் கொணர்ந்து இந்தியப் பிரதமரிடம் ஒப்படைத்தார்.

திருடியவரின் குற்றம் தெளிவானது, விளக்கம் வேண்டா. ஆனால் இரண்டாண்டுக் காலம் அந்த இழப்பு ஒருவர் கண்ணிலும் படவில்லையே, அது யாருடைய குறை? பூட்டு இருந்தது. சுவர் இருந்தது. பார்ப்பவர் இல்லை. நாள்தோறும் ஒரு கிழவி வந்து விளக்கேற்றியிருந்தால், மறுநாள் காலையிலேயே ஊர் அறிந்திருக்கும். பூட்டைவிடப் பெரிய காவல் பழகிய கண்தான்.

திருட்டுக்கு அஞ்சித் திருவாரூரிலும் பிற ஊர்களிலும் திருமேனிப் பாதுகாப்பு மையங்கள் அமைக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான படிமங்கள் அவற்றில் வைக்கப்பட்டுள்ளன. சிற்றூர்க் கோயில்களில் காவலுக்கு ஆள் இல்லாதபோது இதை விடுத்து வேறு வழியில்லை என்பது அதிகாரிகளின் வாதம். அதில் நியாயம் உண்டு. எங்கள் சாமியை எங்களிடமே தாருங்கள் என்பது ஊராரின் குரல். அதிலும் நியாயம் உண்டு. ஆயினும் வழிபடுவாருமின்றி, காண்பாருமின்றி, இரும்புக் கதவுக்குப் பின்னே வரிசையெண் கட்டி நிற்கும் ஒரு திருமேனி காப்பாற்றப்பட்டதா, ஒளித்துவைக்கப்பட்டதா என்று நம்மை நாமே கேட்கவேண்டும். உலோகம் காப்பாற்றப்பட்டது, அது யாருக்காக வார்க்கப்பட்டதோ அந்த உறவு காப்பாற்றப்படவில்லை.

ஆகவே பார்ப்பவரின் முதற்கடன் இது: பார்த்துக்கொண்டே இருப்பது. 'பார்த்துக்கொள்' என்று தமிழில் சொன்னால் கண்ணால் காண் என்பதோடு காப்பாற்று என்றும் பொருள்படும். குழந்தையைப் பார்த்துக்கொள், மாட்டைப் பார்த்துக்கொள் என்கிறோம். நம் மொழியே பார்வைக்குள் பொறுப்பை வைத்திருக்கிறது.

நம் வீட்டு உடைமைகள்

இது இந்துக் கோயில்களின் செய்திதானே, நமக்கென்ன என்று வாசக அன்பர் ஒருவர் கேட்கலாம். தஞ்சைச் சரசுவதி மகாலின் அருங்காட்சியகத்தில் இருந்த பழைய தமிழ் விவிலியம் ஒன்று 2005இல் காணாமற்போனது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்து 1715இல் அச்சான புதிய ஏற்பாடு அது. இந்திய மொழிகளின் அச்சு வரலாற்றிலேயே அது ஒரு மணிக்கல். 2022இல் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக் காவலர் அது இலண்டனில் ஒரு சேகரிப்பில் இருப்பதைக் கண்டறிந்தனர். பதினேழு ஆண்டுகள்! அக்காலத்தில் தமிழ்க் கிறித்தவராகிய நம்முள் எத்தனை பேர் அந்நூல் இல்லாததை உணர்ந்தோம்? அது இருந்ததை எத்தனை பேர் அறிந்திருந்தோம்? அதே நூலகத்திலிருந்து போன சரபோஜி மன்னர், அவர் மகன் சிவாஜி ஆகியோரின் ஓவியம் அமெரிக்காவில் மாசசூசெட்சு மாநிலத்து அருங்காட்சியகம் ஒன்றில் 2006இல் விலைக்கு வாங்கப்பட்டு, உண்மை தெரிந்தபின் 2015இல் அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டது.

கி.பி. 787இல் கூடிய இரண்டாம் நிசேயாப் பொதுச்சங்கம், திருவுருவங்களுக்குச் செய்யும் வணக்கம் அவ்வுருவம் குறிக்கும் ஆளையே சென்றடைகிறது என்று வகுத்தது. உருவங்களை உடைத்தவர்களுக்கும் உருவத்தோடே நின்றுவிட்டவர்களுக்கும் அச்சங்கம் ஒரே விடை தந்தது: கண் உருவத்தில் தொடங்கவேண்டும், அங்கேயே முடியலாகாது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963ஆம் ஆண்டின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில், ஆலயத்தின் விலைமதிப்புள்ள கலைப்பொருள்கள் கைவிட்டுப் போகாமலும் சிதறாமலும் காக்கும் கடமையை ஆயர்களுக்கு நினைவூட்டியது.

நம் பங்குகளில் நடப்பது என்ன? பழைய மரப்பீடம் கரையான் அரித்ததென்று விறகாகிறது. நூறாண்டு கடந்த மரச்சுரூபத்தின்மேல் பளபளக்கும் எனாமல் வண்ணம் பூசப்படுகிறது. 'பழசைக் கழித்துப் புதுசு போட்டோம்' என்று பெருமையாகச் சொல்கிறோம். கழித்த பழசு எங்கே போயிற்று என்று கேட்பதற்கு ஆள் இல்லை. ஒவ்வொரு பங்கிலும் உள்ள பழம்பொருள்களைப் படமெடுத்து, அளவும் ஆண்டும் குறித்து ஒரு பதிவேடு வைத்தால் பெருஞ்செலவு ஆகாது. இளைஞர் மன்றம் ஒரு மாதத்தில் செய்து முடிக்கலாம். எழுதி வைக்கப்படாத பொருள் திருடப்பட்டால், அது நம்முடையது என்று எந்த நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது?

பூங்காவும் வயலும்

இனிப் பூங்காவிற்கு வருவோம். சிவகங்கைப் பூங்கா 1870களில் தஞ்சை நகராட்சியால் அமைக்கப்பெற்றது. நகரத்தின் எளிய மக்கள் காசு பணம் பாராமல் பிள்ளைகளோடு அமரக்கூடிய நிழலாக அது தலைமுறைகளாக விளங்கி வந்திருக்கிறது. சிவகங்கைக் குளத்தின் அருகே 1779இல் சுவார்ட்சு ஐயர் கட்டிய ஆலயம் நிற்கிறது. அதனுள் இங்கிலாந்துச் சிற்பி பிளாக்சுமன் செதுக்கிய பளிங்குச் சிற்பம் ஒன்று உண்டு. 1798இல் இறந்த சுவார்ட்சின் மரணப் படுக்கையருகே சரபோஜி மன்னர் நின்று அவர் கையைப் பற்றியிருப்பதை அது காட்டுகிறது. இந்து மன்னர் ஒருவர் தம் கிறித்தவ ஆசானுக்குச் செய்வித்த நினைவுக்குறி அது. கடன் செலுத்தும் பார்வைக்கு அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு தஞ்சையில் வேறொன்றைத் தேடவேண்டா.

பூங்காவில் நாம் காண்பது மலரும் நிழலும். காணாதது நீர் வந்த வழி. சேவப்பநாயக்கன் ஏரியில் சேர்ந்த மழைநீரைச் சிவகங்கைக் குளத்திற்கும், அங்கிருந்து மண்ணுக்கடியில் அமைத்த குழாய்கள் வழியே நகரத்துக் குளங்களுக்கும் கிணறுகளுக்கும் கொண்டுசென்ற அமைப்பைப் பழந்தஞ்சையார் ஜலசூத்திரம் என்றனர். மேலே பசுமை, கீழே யாரோ வெட்டி, யாரோ தூர்வாரிய வாய்க்கால். அந்த யாரோ நின்றுவிட்டால் பூங்கா நின்றுவிடும்.

மலர்க் கண்காட்சிகளிலும் இதுவே நிகழ்கிறது. உதகையில் 1896 முதல் மலர்க் காட்சி நடைபெறுகிறது. சென்னையில் 2022இல் தொடங்கிற்று. சில நாட்கள் மட்டும் நிற்கும் மலர்க்கோபுரத்தின் முன் படம் எடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு தொட்டிக்கும் மாதக்கணக்கில் நீர் ஊற்றி, பூச்சி பொறுக்கி, காட்சிக்கு முந்திய இரவு கண்விழித்து அடுக்கிய தொழிலாளியின் கை அப்படத்தில் விழுவதில்லை.

தஞ்சையைச் சுற்றிலும் உள்ள மிகப்பெரிய தோட்டம் எதுவென்றால் சம்பா வயல்தான். ஐப்பசி கார்த்திகையில் கல்லணைக் கால்வாய்க் கரையில் பேருந்தில் செல்வோர், கண்ணெட்டும் தூரம் பச்சையைக் கண்டு 'என்ன அழகு!' என்று வியக்கின்றனர். அது மெய்யே. ஆனால் அதே பச்சையைப் பார்க்கும் குத்தகைக்காரரின் கண் வேறு. மேட்டூரில் எவ்வளவு நீர் இருக்கிறது, கடைமடைக்கு முறை எப்போது, புகையான் தாக்குமா, வாங்கிய கடனுக்கு வட்டி என்ன என்றெல்லாம் அக்கண் எண்ணிப் பார்க்கிறது. பேருந்தின் பயணி காண்பது நிறத்தை. குத்தகைக்காரர் காண்பது ஆண்டு முழுவதையும். இவ்வயல்களுக்கு 2020ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்ற சட்டக் காவல் கிடைத்தது. திருமேனிக்குக் கூடம் போல் வயலுக்குச் சட்டம். நன்றே. ஆனால் நிலத்தைக் காத்து, அதில் உழைப்பவரைக் கைவிட்டால், ஏறில்லாத வெறுங்காற்றின்மேல் கை சாய்ந்திருப்பது போலாகும்.

இன்னும் கசப்பான உண்மை ஒன்று உண்டு. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், நாம் பிறப்பு விழாவைக் கொண்டாடிய அதே இரவில், இதே டெல்டாவின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்த ஊரைச் சுற்றியும் வயல் பச்சையாகவே இருந்தது. அழகு பொய் சொல்வதில்லை. ஆனால் தானாக எல்லாவற்றையும் சொல்லிவிடுவதுமில்லை. மீதியைக் கேட்டு அறிவது பார்ப்பவரின் இரண்டாவது கடன்.

பசி இருக்கக் கலை எதற்கு?

இவ்விடத்தில் நேர்மையான ஒரு மறுப்பு எழும். மக்கள் இவ்வளவு துன்பத்தில் இருக்க, கலைக்கூடத்துக்கும் பூங்காவுக்கும் பொதுப் பணத்தைச் செலவிடுவது தகுமா? அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்தால் என்ன?

பெத்தானியாவில் விலையுயர்ந்த நறுமணத் தைலம் ஊற்றப்பட்டபோதும் இதே கேள்வி எழுந்தது என்பதை நாம் அறிவோம். கேட்டவர் ஏழைகள்மேல் அக்கறையால் கேட்கவில்லை என்று நற்செய்தியாளர் யோவான் குறித்து வைத்தார். இதைக் கொண்டு, இன்று இவ்வாறு கேட்போர் எல்லாரையும் பழிப்பது தவறு. கேள்வியை உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் உண்டு. பூங்காவை மூடி மிச்சப்படுத்திய பணம் உண்மையிலேயே ஏழையிடம் சென்று சேருகிறதா? சேருமாயின் வாதம் வலியுடையது. ஆனால் பூங்கா மூடப்படும் ஊர்களில், செல்வர் தம் மதிலுக்குள் தோட்டம் வைத்துக்கொள்கின்றனர். நிழலை இழப்பவர் ஏழை மட்டுமே. கலைக்கூடம் இல்லாத ஊர்களில் சிலைகள் செல்வரின் வரவேற்பறையை அடைகின்றன. பார்க்கும் வாய்ப்பை இழப்பவர் மீண்டும் ஏழையே. பொதுவில் வைக்கப்பட்ட அழகு ஏழையின் சொத்து. அதைக் குறைப்பது ஏழைக்குக் கொடுப்பதன்று; ஏழையிடமிருந்து எடுப்பது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அழகைச் செய்பவர் பட்டினி கிடக்க அழகை மட்டும் போற்றுவது பொய்ம்மை. சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் சோழர் கால முறையிலேயே திருமேனி வார்க்கின்றனர். மெழுகில் உருவைச் செய்து, அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி உலர்த்தி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகின்றனர். ஆறியதும் மண்ணை உடைத்தால் உரு வெளிப்படும். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று. அதைப்போல் இன்னொன்று வராது. நெல்லை விளைவிக்கும் அதே வண்டலே இறையுருவையும் ஈன்றெடுக்கிறது. வயலும் கூடமும் ஒரே ஆற்றின் மக்கள் என்பது இதனால் விளங்கும். குளத்தில் விளையும் நெட்டியைச் சீவிப் பெரிய கோயிலையே சிறு உருவில் செய்யும் கலைஞரும் தஞ்சையில் உள்ளனர்; அவர்கள் கைவினைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கும். வயிற்றைக் காப்பது வாங்குபவர் கொடுக்கும் விலை. நகரத்து அங்காடியில் எழுதிய விலையை முணுமுணுக்காமல் கொடுத்துவிட்டு, கைவினைஞரின் திண்ணையில் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுபவர், கலையைப் போற்றுகிறேன் என்று சொல்லத் தகுதியற்றவர்.

காணாதிருத்தலும் ஒரு கடனே

மூன்றாவதாக ஒன்று. பார்க்காமல் இருப்பதும் சில வேளைகளில் பார்ப்பவரின் கடனாகும்.

பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பின்னாளில் தொல்லியல் துறையினர் மேலிருந்த நாயக்கர் ஓவியத்தையும் அழிக்காமல் பெயர்த்தெடுத்துத் தனிப்பலகையில் ஒட்டிக் காத்தனர். அடியில் இருப்பது பழையது, பெருமையுடையது. மேலே இருப்பது பிந்தியது. ஆயினும் ஒன்றைக் காண மற்றொன்றைக் கொல்லவில்லை. அவ்வுட்சுற்று மக்களின் பார்வைக்குத் திறக்கப்படுவதில்லை. அடுத்தடுத்து வரும் கூட்டத்தின் மூச்சும் வெப்பமும் ஈரமும் ஆயிரமாண்டு வண்ணத்தைத் தின்றுவிடும் என்பதே காரணம். நாம் காண்பது படங்களையும் படிகளையுமே.

இதில் ஏமாற்றம் அடைவது இயல்பு. ஆனால் சிறிது எண்ணினால் இது ஒரு நல்ல ஒழுக்கம் என்பது புலப்படும். அழகியதைப் புனித தோமா அக்குவினார், காணுந்தோறும் மகிழ்விப்பது என்று விளக்கினார். பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வேய், பார்ப்பதும் உண்பதும் வெவ்வேறு செயல்கள் என்பதே மனிதருக்குப் பெருந்துயர் என்று கருதினார். மாம்பழத்தைக் கண்டால் உண்ண விரும்புகிறோம். உண்டபின் காண ஒன்றுமில்லை. அழகின் முன் நாம் அடிக்கடி செய்வது இதுவே. செல்வர் சிலையை வாங்கி வீட்டில் பூட்டி உண்கிறார். திருடர் அறுத்து விற்று உண்கிறார். நாமோ கைப்பேசியில் படமெடுத்து உண்கிறோம். எடுத்தபின் எதிரே நிற்பதைப் பார்ப்பதில்லை. இம்மூவரின் குற்றமும் அளவில் ஒன்றல்ல. ஆனால் வேர் ஒன்றே. நம் தலைமுறை கண்டு தீர்த்துவிடாமல், நாம் அறியாத பேரப்பிள்ளைகளின் கண்ணுக்கும் விட்டுவைப்பது அன்பின் ஒரு வடிவம்.

நாம் செய்யக்கூடியவை

இம்மூன்று கடன்களையும் தொகுத்துச் சொன்னால் எளியவைதாம். கண்டதைக் காத்தல், காட்சிக்குப் பின்னே உள்ள கையைக் கேட்டறிதல், எடுத்துக்கொள்ளாமல் விட்டுவைத்தல். இவை அறிஞர்க்கு மட்டும் உரியவையல்ல. அடுத்த முறை மறைக்கல்வி மாணவரைத் தஞ்சைக்கு அழைத்துச் செல்வோர், எல்லாக் கூடங்களையும் ஒரு மணி நேரத்தில் ஓடி முடிக்காமல், ஒரே ஒரு திருமேனியின் முன் கால்மணி நேரம் அவர்களை அமரச் செய்யலாம். இது எந்த ஊரிலிருந்து வந்தது, யார் செய்தார், யாரெல்லாம் இதைப் பார்க்கக் கூடாதென்று விலக்கப்பட்டிருந்தனர், இதன் அருகே இருந்த எது இப்போது இல்லை என்று கேட்கலாம். பிற சமயத்தார் இறைவனாக வணங்கும் உருவத்தின் முன் நிற்கிறோம் என்ற பணிவையும் கற்பிக்கலாம். ஊர் திரும்பியதும், நம் ஆலயத்துச் சாக்ரீஸ்தியில் என்ன இருக்கிறதென்று அதே கண்ணோடு பார்க்கச் சொல்லலாம்.

வயல்வெளி மலர்களைக் கவனிக்குமாறு ஆண்டவர் சீடர்களைக் கேட்டுக்கொண்டார். சாலமோனின் ஆடையைவிட அவை மேலானவை என்றார். அவை எந்தக் காட்சிக்கூடத்திலும் இருந்தவையல்ல, யாரும் நட்டவையுமல்ல, நாளை அடுப்பில் எரியவிருந்த காட்டுப்புல். அவற்றைப் பறித்து வரச் சொல்லவில்லை, விலை கேட்கச் சொல்லவில்லை. கவனித்துப் பார்த்தால், அவற்றை உடுத்துவித்த தந்தையின் கவலை எவ்வளவு நுண்ணியது என்பது தெரியும் என்றார். தந்தை பார்த்துக்கொள்வது போல் நாமும் பார்த்துக்கொள்ளக் கற்றால், பார்த்ததற்குப் பட்ட கடன் தீரத் தொடங்கும்.